நதியாக இருந்த குற்றம்

செப்டம்பர் முடிவில், மிக்கேல் திருநாளுக்கு மறுநாள் காலை, கோயில் மணி எட்டு அடித்து ஓய்ந்தபோது, சம்மன்காரர் டப் துவைத்துறைக்கு வந்தார்.

தாமசின் ஓக்ஸ் முழங்கால் வரை லெட் ஆற்றில் நின்று விடுதிக்காரரின் படுக்கை விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தாள். டப் கரையிலேயே நின்றுகொண்டார். அவர் காலில் புதுச் செருப்பு.

"மேல வா, தாமசின். சம்மன் இருக்கு."

"அங்கருந்தே போடுங்க, டப். மிதந்து வரும்."

"திருச்சபை நீதிமன்றத்துச் சம்மன். நனையக் கூடாது."

"நான் என்ன செஞ்சேன்?"

"அதைப் படிக்கத்தான் மேல வரச் சொல்றேன்."

அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கரையேறினாள். டப் தொண்டையைச் செருமினார். சம்மன் படிக்கும்போது அவருக்கு வேறொரு குரல் உண்டு.

"லெட்ஃபோர்டு ஊரைச் சேர்ந்த, மணமாகாத தாமசின் ஓக்ஸ் என்பவள், ஒரு கனவானால், நீரிலோ நீர் போன்றதிலோ, ஒரு முறையோ பல முறையோ, மயக்கப்பட்டாள் அல்லது மயக்கினாள் என்று ஊரில் பேச்சு இருப்பதால், அவள் ஆன்மாவின் நலன் கருதி..."

"நீர் போன்றதுன்னா என்ன?"

"எனக்கென்ன தெரியும். பியரா இருக்கும்."

"யார் அந்தக் கனவான்?"

"கவிஞர். லயோனல் டெவரெல்."

"அவர் வீட்டுத் துணிகூட என்கிட்ட வர்றதில்லையே."

"வந்திருந்தா குத்தம் சின்னதா போயிருக்கும்," என்றார் டப். "துணி சம்பந்தமா முடிஞ்சிருக்கும். இது கவிதை."

நடந்தது இவ்வளவுதான். கோயிலில் ஒரு ஜெபப் புத்தகத்துக்குள் கவிதை எழுதிய தாள் ஒன்று கிடந்தது. கோயில் கண்காணிப்பாளர் அதை எடுத்துப் படித்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குப் படித்துக் காட்டினார். ஒரு வாரம் கழித்து இருவருக்கும் அது பாவமென்று பட்டது. நீதிமன்றத்தில் ஒப்படைத்தார்கள். கவிதையில் தாமசின் என்று பெயர் இருந்தது. ஊரில் தாமசின்கள் மூன்று பேர். ஒருத்திக்கு எழுபது வயது. இன்னொருத்தி நீதிபதியின் மைத்துனி. ஆகவே சம்மன் துவைத்துறைக்கு வந்தது.

"வழக்கு முடியிற வரைக்கும் கோயில்ல உன் கல்யாண அறிவிப்பு படிக்கிறது நிக்கும்," என்றார் டப், தாளை மடித்தபடி. "போன ஞாயிறு ஒரு தடவை படிச்சாச்சு இல்ல? மிச்சம் ரெண்டும் அப்புறம்தான்."

"எப்போ முடியும்?"

"முடியும்," என்றார் டப்.

தாமசின் திரும்ப ஆற்றில் இறங்கினாள். கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் ஜனவரி நடு வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. அவளுக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. அது அவளுக்கும் கில்பர்ட் ஸ்டோக்குக்கும் மட்டும் தெரியும். கல்யாணம் நவம்பருக்குள் நடந்தால் குழந்தை கொஞ்சம் அவசரப்பட்டுப் பிறந்ததாக ஊர் சொல்லும். ஊரில் பாதிக் குழந்தைகள் அப்படி அவசரப்பட்டவைதான். ஜனவரி என்றால் வயிறே எழுந்து சாட்சி சொல்லும்.

கில்பர்ட் பியருக்கு முளைபார்லி வறுக்கும் கொட்டகை வைத்திருந்தான். மத்தியானம் அவள் போனபோது சூட்டில் நின்று மண்வாரியால் பார்லியைப் புரட்டிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். மண்வாரியை ஊன்றிக்கொண்டு மறுபடி சிரித்தான்.

"உன்மேல கவிதையா? என்னன்னு எழுதியிருக்கான்?"

"ஆறுன்னு. டப் சொன்னார்."

"கோடையில நாறுமே."

"அதை விட்டுட்டார் போல."

"ஏய், எனக்கு மட்டும் எழுதத் தெரிஞ்சிருந்தா உன்னை பார்லின்னு எழுதியிருப்பேன். ஊற வெச்சா மொளைக்கும்." அவன் அவள் வயிற்றைப் பார்த்துக் கண்ணடித்தான். "போய் இல்லைன்னு சொல்லிட்டு வா. அரை நாள் வேலை."

நீதிமன்றம் கோயிலின் தெற்குப் பக்கத்தில் கூடியது. நீள மேசை, பச்சைத் துணி, மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் நீதிபதி டாக்டர் வின்டர்பர்ன். இடப்பக்கம் எழுத்தர் ஸ்வேல். வலப்பக்க நாற்காலி பிஷப்புக்கு உரியது. பிஷப் இதுவரை வந்ததில்லை. உள்ளே வருகிறவர்கள் நாற்காலியை வணங்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

ஸ்வேல் கவிதையைப் படித்தார்.

*பளிங்கு நதியே, உன் கரையில் தாகத்தோடு நின்றேன்;*
*விலகினாய், விலகியபடியே என்னை நனைத்தாய்.*

*பூவில் இறங்கும் பனித்துளி அனுமதி கேட்பதில்லை;*
*என்னை மட்டும் ஏன் கேட்கச் சொல்கிறாய்?*

*கடலைச் சேராத நீர் குட்டையாகிப் பாசி பிடிக்கும்;*
*ஓடி வா தாமசின், நானே உன் கடல்.*

"மறுபடி," என்றார் டாக்டர் வின்டர்பர்ன்.

ஸ்வேல் மறுபடி படித்தார்.

"இன்னும் மெதுவா. 'விலகியபடியே'கிட்ட கொஞ்சம் நிறுத்துங்க. குத்தம் அங்கதான் இருக்கு."

ஸ்வேல் நிறுத்திப் படித்தார். நீதிபதி கண்ணை மூடியிருந்தார். குற்றத்தை ஆராயும்போது கண்ணை மூடுவது அவர் வழக்கம் என்று டப் தாமசினின் காதில் சொன்னார்.

கண்ணைத் திறந்ததும் நீதிபதி கேட்டார்: "பெண்ணே, இந்த நதி நீதானா?"

"இல்லீங்க ஐயா. நான் துணி துவைக்கிறவ."

"எங்க துவைக்கிற?"

"ஆத்துல."

"எழுதிக்குங்க, ஸ்வேல். ஆத்துல இருக்கிறதா ஒத்துக்கறா. இந்தக் கனவானை நனைச்சியா?"

"துணியைத்தான் நனைச்சேன், ஐயா."

"யார் துணியை?"

"எல்லார் துணியையும்தான். உங்க உள்சட்டைகூட இப்போ என்கிட்டதான் ஊறுது."

ஸ்வேலின் இறகுப் பேனா நின்றது.

"அதை எழுத வேண்டாம்," என்றார் டாக்டர் வின்டர்பர்ன். பிறகு பிஷப்பின் நாற்காலியைப் பார்த்துப் பேசினார். முக்கியமானதை அவர் அந்த நாற்காலிக்குத்தான் சொல்வார்.

"சிலர் கேக்கறாங்க, கவிதைக்கு எதுக்கு வழக்குன்னு. ஒரு ஆள் பெண்ணோட கையைத் தொட்டா ஒரு கையைத்தான் தொடறான். அவளை நதின்னு சொன்னா, ஊத்துலருந்து கடல் வரைக்கும் தொட்டுட்டான். இதைப் படிக்கிறபோது எனக்கே அது தெரியுது. நேத்தும் தெரிஞ்சுது. காலையில முகம் கழுவப் போனேன், தண்ணியைப் பார்த்ததும் கையை எடுத்துட்டேன். கல்யாணமாகி முப்பது வருஷமான எனக்கே இப்படின்னா, வாலிபப் பசங்க கதி என்ன? அதனால இந்த நீதிமன்றம் இதைத் திரும்பத் திரும்பப் படிச்சு அபாயம் எவ்வளவுன்னு அளக்கும்."

ஸ்வேல் தலையசைத்துவிட்டு, கேட்கப்படாமலே இன்னொரு முறை படித்தார்.

லயோனல் டெவரெல் அழைக்கப்பட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து போன வசந்தத்தில் திரும்பியவர். சின்ன உருவம், பெரிய காலர். தாமசின் அவரைக் கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவரும் அவளை முதல் தடவையாகப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்.

"இந்தப் பெண்ணா?" என்றார் நீதிபதி.

டெவரெல் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கால் ஈரமாக இருந்தது.

"இப்ப எல்லாருமே தண்ணியிலதான் எழுதறாங்க, ஐயா," என்றார். "பனி, கண்ணீர், ஊத்து, வெள்ளம். காதலி தண்ணியில இல்லைன்னா லண்டன்ல யாரும் கையில வாங்கிப் பார்க்கறதுகூட இல்லை. எந்தக் கிணறுன்னு யாரும் கேக்கறதில்லை."

"நான் கேக்கறேன். இந்தப் பெண்ணா?"

"நான் கனவான்," என்றார் டெவரெல். "ஆமாம்னு சொன்னா பெண்ணுக்கு இழுக்கு. இல்லைன்னு சொன்னா கவிதைக்கு இழுக்கு. ஒரு கனவான் எதையும் மறுக்கமாட்டான்."

"ஐயா, இல்லைன்னு சொல்லிடுங்க," என்றாள் தாமசின். "உங்களுக்கு ஒரு வார்த்தைதானே."

டெவரெல் மார்பில் கை வைத்து அவளுக்கு வணக்கம் சொன்னார். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். நான்காவது சரணம். நேற்றிரவு வந்ததாம். நீதிமன்றம் அதைத் துணைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டு நான்கையும் சேர்த்துப் படிக்கச் சொன்னது.

*மூழ்கிவிட்டேன்; கயிறு வீசாதீர்கள், கரையில் இருப்போரே;*
*மூச்சைவிடவும் இந்த நீர் இனிது.*

மூழ்கினேன் என்று சாட்சியே சொல்லிவிட்டதால், இறந்தவரைக் குறுக்கு விசாரணை செய்ய முறையில்லை என்று நீதிபதி தீர்ப்பளித்தார். டெவரெல் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வால்நட் உடைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

அடுத்த அமர்வில் தாமசினுக்கு வழி ஒன்று காட்டினார்கள். நல்ல பெயருள்ள பெண்கள் ஆறு பேரைக் கூட்டிவந்து, இவள் குற்றமற்றவள் என்று நம்புகிறோம் என்று சத்தியம் செய்ய வைத்தால் விடுதலை. அது பழைய முறை. கொலையைத் தவிர எல்லாவற்றுக்கும் அதுதான்.

ஆறு பேர் கிடைப்பது கஷ்டமாக இல்லை. எல்லோருடைய துணியும் அவளிடம் வருகிறது. எல்லோருடைய கறையும் அவளுக்குத் தெரியும். மருத்துவச்சி ஆக்னஸ் ஹோல் கேட்கும் முன்பே வருகிறேன் என்றாள். அவள் தாமசினின் இடுப்பை ஒரு முறை பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"சீக்கிரம் கட்டிக்க," என்றாள்.

"அதுக்குத்தான் அலையறேன்."

"அந்தக் கவிஞரால எதுவும் இல்லைன்னு ஆயிரம் சத்தியம் பண்ணுவேன். மத்தது எதையும் அவங்க கேக்கலையே."

ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். நாற்காலியை வணங்கினார்கள். எதற்கு எதிராகச் சத்தியம் செய்கிறோம் என்று தெரியாமல் சத்தியம் செய்யக் கூடாது. ஆகவே கவிதை அவர்களுக்குப் படிக்கப்பட்டது. ஸ்வேலுக்கு இப்போது தாள் தேவைப்படவில்லை. நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தினார். ஓரிடத்தில் கையையும் அசைத்தார்.

மூன்று பெண்களின் முகம் சிவந்தது. இரண்டு பேர் அப்படியே நின்றார்கள். ஆக்னஸ் கொட்டாவி விட்டாள்.

டாக்டர் வின்டர்பர்ன் மேசையைத் தட்டினார். "முகம் சிவந்தவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. சிவக்காதவங்களுக்கு முன்னாடியே புரிஞ்சிருக்கு. ரெண்டு வகையும் தகுதியில்லை."

"கொட்டாவி விட்டவ?" என்றாள் ஆக்னஸ்.

"அது நீதிமன்றத்தை இகழ்றது. தனி வழக்கு."

"கவிதையைக் கேக்காத ஆறு பேரைக் கூட்டிட்டு வரட்டுமா, ஐயா?" என்று தாமசின் கேட்டாள்.

"கேக்காம சத்தியம் பண்ணினா அது பொய்ச் சத்தியம்."

"கேட்டுட்டுப் பண்ணினா?"

"கேட்டுட்டா அவங்க காது சுத்தமில்லை. சுத்தமில்லாதவங்க சத்தியம் பண்ண முடியாது." நீதிபதி அன்பாகத்தான் சொன்னார். "வழி திறந்தேதான் இருக்கு, பெண்ணே. யாரும் அடைக்கலை."

தாமசின் யோசித்துப் பார்த்தாள். அடுத்த வாரம் காது கேளாத மார்ஜரியைக் கூட்டிவந்தாள். நீதிமன்றம் சிறிது நேரம் குழம்பியது. பிறகு கவிதையைச் சைகையால் விளக்கும்படி டப்புக்கு உத்தரவிட்டது. டப் முதலில் கைகளால் ஆறு காட்டினார். தாகம் காட்டினார். விலகுவதைக் காட்டினார். பனித்துளிக்கு வந்தபோது மார்ஜரி அவரை அறைந்தாள். அதையும் ஸ்வேல் பதிவு செய்தார்: சாட்சிக்கு நன்றாகப் புரிந்தது.

சத்தியம் செய்ய வந்த ஏழு பெண்களுக்கும் பிறகு சம்மன் போனது, பாவமான கவிதையைக் கேட்டதற்காக. சம்மனுடன் குற்றப் பொருளின் நகல் ஒன்றை இணைக்க வேண்டும் என்பது விதி. ஸ்வேல் நகல்கள் எழுதினார். அவர்கள் தங்கள் பங்குக்குப் பெண்களைக் கூட்டிவந்தார்கள். அந்தப் பெண்களுக்கும் சம்மன் போனது. அக்டோபர் கடைசியில் லெட்ஃபோர்டில் கவிதை இல்லாத அடுப்படி இல்லை. ரொட்டிக்காரி மாவு பிசையும் தாளத்துக்கு அது பொருந்தியது. தோல் பதனிடுகிறவர்கள் மூன்றாவது சரணத்தை மட்டும் உரக்கப் பாடினார்கள். ஒரு பாவத்தை இவ்வளவு முழுமையாக விசாரித்த நீதிமன்றம் வேறில்லை என்று பிஷப்பின் அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. தங்களுக்கு மூன்று நகல் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள்.

கில்பர்ட்டின் கொட்டகையிலும் அதைப் பாடிக்கொண்டுதான் பார்லியைப் புரட்டினார்கள். தாமசின் போனதும் பாட்டு நின்றது.

"நிறுத்தாதீங்கடா," என்றான் கில்பர்ட். "அவளுக்குத் தெரியாத பாட்டா."

அவன் சிரித்தான். கொஞ்சம் கழித்து, வேலையைப் பார்த்தபடியே கேட்டான்: "தன்னைக் கடலுங்கறானே, ஆள் என் தோளுக்கு வருவானா?"

"வரமாட்டார்."

"கிட்டத்துல நின்னு பார்த்தியா?"

"மேசைக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவர்."

"ம்," என்றான் கில்பர்ட். மண்வாரி நிற்கவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் நீதிமன்றம் ஆற்றைப் பார்வையிடக் கிளம்பியது. முன்னால் டப் கோலுடன். பின்னால் நீதிபதி, ஸ்வேல், கண்காணிப்பாளர்கள். கடைசியில் இரண்டு பேர் பிஷப்பின் நாற்காலியைச் சுமந்து வந்தார்கள். துவைத்துறையில் நாற்காலியை ஆற்றைப் பார்த்தபடி வைத்தார்கள். அதன் கால்கள் சேற்றில் இறங்கின.

ஆற்றின் மேல்பக்கம் தோல் பதனிடும் தொட்டிகளைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு சாக்கடை மாதிரிக்கூட இல்லை. பழைய காயத்தின் கட்டு மாதிரி இருந்தது. ஒரு செத்த வாத்து சுழன்றுகொண்டே போனது.

"கவிதையில என்ன நிறம்?" என்றார் டாக்டர் வின்டர்பர்ன், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி.

"பளிங்கு," என்றார் ஸ்வேல்.

"இது?"

"பழுப்பு, ஐயா."

தாமசினுக்கு மூச்சு வந்தது. "அப்போ அது வேற ஆறுதானே, ஐயா? நான் நிக்கிறது இதுல. அவர் எழுதினது இதை இல்லை."

"சரியாச் சொன்ன," என்றார் நீதிபதி. "கவிதையில வர்ற ஆறு இந்த ஆறு இல்லை. இந்த ஊர்ல வேற ஆறும் இல்லை. அப்போ அது ஆறே இல்லை. ஆறு இல்லைன்னா, அது பெண்தான்."

ஸ்வேல் எழுதிக்கொண்டார். நீதிபதி திரும்பும்போது வழுக்கி ஒரு கால் ஆற்றில் இறங்கியது. கணுக்கால் வரைதான். அவர் கொஞ்ச நேரம் அதை வெளியே எடுக்கவில்லை. அவர் உதடுகள் அசைந்தன. எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தார்கள்.

தாமசினும் ஆற்றுக்குள்தான் நின்றாள், காட்டச் சொன்ன இடத்தில். நவம்பர் தண்ணீரில் முதலில் வலிக்கும். பிறகு கால் இருப்பதே தெரியாது. கவிதையும் அவளுக்கு அப்படி ஆகியிருந்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் காது எரிந்தது. இப்போது அந்தச் சொற்கள் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தன, அவளைத் தொடாமல். துணியை அடிக்கும்போதும் ஓடின. தூக்கத்திலும் ஓடின.

ஊர்வலம் போன பிறகு ஸ்வேல் மட்டும் பின்தங்கினார்.

"நல்லதுக்குச் சொல்றேன், தாமசின். நீ குத்தம் பண்ணலைன்னு நிரூபிக்க ரெண்டு வருஷம் ஆகும். குத்தம்னு ஒத்துக்க ஒரு ஞாயித்துக்கிழமை போதும்."

"பண்ணலையே."

"அதனாலதான் சிக்கலா இருக்கு. பண்ணினவங்களுக்கு எங்ககிட்ட சுலபமான முறையெல்லாம் இருக்கு. பண்ணாதவங்களுக்கு ஒண்ணும் சரியா ஏற்பாடு ஆகலை." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "வெள்ளைத் துணி போத்திட்டுக் கோயில்ல நிக்கணும். பாவத்தைச் சொல்லணும். அன்னிக்கே உன் அறிவிப்பைப் படிச்சிடலாம். திருவருகைக்கு முன்னாடி கல்யாணம்."

"எந்தப் பாவத்தைச் சொல்றது?"

"அதை நாங்க எழுதித் தருவோம்."

அவள் நாட்களை எண்ணிப் பார்க்கவில்லை. அவை அவளுக்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தன. சரி என்றாள்.

கில்பர்ட்டிடம் சொன்னபோது அவன் மண்வாரியைச் சுவரில் சாய்த்தான்.

"இல்லாததை இருக்குன்னு சொல்லப் போற."

"இருக்கிறதை மறைக்கத்தான்."

"அதுவும் சரிதான்," என்றான். பிறகு, "வேற வழியில்லை," என்றான். அவளுக்குச் சூடான பியர் ஊற்றிக் கொடுத்தான். மண்வாரியை எடுக்கப் போனவன் திரும்பி வந்து அவள் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தான். அவளுக்குச் சூடு தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பாவத்தை எழுதித் தருவதில் ஒரு சிக்கல் வந்தது. பாவி தன் குற்றத்தை எதையும் விடாமல் தன் வாயால் சபையில் அறிக்கையிட வேண்டும் என்பது விதி. குற்றம் எது? எந்த நாள், எந்த இடம், என்ன நடந்தது என்று எதுவும் வழக்கில் வெளிவரவில்லை. வெளிவந்தது ஒன்றுதான். டாக்டர் வின்டர்பர்ன் மூன்று நாள் யோசித்து முடிவு செய்தார்: கவிதையே குற்றம். தாமசின் அதை முழுவதும் சொல்ல வேண்டும். 'என்னை' என்று வரும் இடங்களையும் அப்படியே சொல்லலாம், திருத்தினால் அழகு கெடும் என்று தீர்ப்பில் எழுதினார்.

அந்த ஞாயிறு கோயில் நிரம்பி வழிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். டெவரெல் மேல்மாடத்தில் முன்வரிசையில், புதுக் காலருடன். தாமசின் வெறுங்காலில், தலைமுடியை அவிழ்த்துவிட்டு, பாவிகளுக்கான வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கையில் வெள்ளைக் கோலுடன் முக்காலியில் நின்றாள். துணி அவள் துவைத்ததுதான். ஊரில் வேறு யார் துவைப்பார்கள். சரியாகக் காயவில்லை.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. குருவானவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல அவள் திருப்பிச் சொல்வதாக ஏற்பாடு. குருவானவர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கோயில் குளிர்ந்தது. துணி குளிர்ந்தது. தாமசின் காத்திருக்கவில்லை.

"பளிங்கு நதியே," என்றாள்.

அவள் குரலில் எதுவும் இல்லை. விடுதிக்காரருக்குத் துணி எண்ணிக் கொடுக்கும் குரல். இரண்டாவது வரிக்கே பின்வரிசையில் யாரோ சேர்ந்துகொண்டார்கள். பிறகு ரொட்டிக்காரி. பிறகு தோல்காரர்கள். 'விலகியபடியே' என்ற இடத்தில் கோயில் முழுவதும், ஸ்வேல் கற்றுக்கொடுத்தபடி, ஒரே நேரத்தில் நிறுத்தியது. பனித்துளியில் ஆண்கள் உரக்கவும் பெண்கள் மெதுவாகவும் சொன்னார்கள். வேதாகமச் சங்கீதம் சொல்லும் நாட்களில்கூட அந்தச் சபை அப்படி ஒன்றாகச் சொன்னதில்லை. முன்வரிசையில் டாக்டர் வின்டர்பர்ன் அழுதுகொண்டிருந்தார்.

நான்காவது சரணம் புதியது. நகல்களிலும் பிந்தித்தான் சேர்ந்தது. அங்கே சபை தடுமாறியது. சிலர் கயிற்றை விட்டார்கள். சிலர் கரையை விட்டார்கள். குரல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசியில் தாமசினின் குரல் மட்டும் இருந்தது, ஏறாமல் இறங்காமல்.

"மூச்சைவிடவும் இந்த நீர் இனிது," என்று முடித்தாள்.

"ஆமென்," என்றது கோயில்.

குருவானவர் கண்ணாடியைக் கண்டெடுத்தார். அதே மூச்சில் அறிவிப்பைப் படித்தார்: லெட்ஃபோர்டைச் சேர்ந்த கில்பர்ட் ஸ்டோக், லெட்ஃபோர்டைச் சேர்ந்த தாமசின் ஓக்ஸ், இரண்டாம் முறை, தடை இருந்தால் சொல்லலாம். யாரும் எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் வின்டர்பர்ன் எழுந்தார். பிஷப்பின் நாற்காலி தெற்குப் பக்கத்திலேயே இருந்ததால் சபையையே பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

"பாவம் நீங்கிடுச்சு," என்றார். "இந்தப் பெண்ணுக்குச் சொல்றேன். கவிதைக்கும் சொல்றேன். மனசாரச் சொன்னதால அது இப்போ சுத்தம். பாடத் தடையில்லை. ஆனா அபாயம் ஓயலை. அடுத்த மாசத்திலருந்து நீதிமன்றம் பூக்களை விசாரிக்கும். ரோஜா பத்தி எழுதினது யார்கிட்டயாவது இருந்தா தயங்காம கொண்டுவந்து கொடுங்க. முழுசா கொடுங்க. கிழிக்காதீங்க." அவர் மேல்மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். "மாஸ்டர் டெவரெல், ஆராதனை முடிஞ்சதும் போயிடாதீங்க. நானும் கொஞ்சம் எழுதி வெச்சிருக்கேன். குளம் பத்தி."

கூட்டம் கலைந்தது. போகிறவர்கள் தாமசினுக்குக் கைகொடுத்தார்கள். நன்றாகச் சொன்னாய் என்றார்கள். ஆக்னஸ் ஹோல் தன் சால்வையை அவள் மேல் போட்டுவிட்டுப் போனாள். வெள்ளைத் துணியைக் கண்காணிப்பாளர் வாங்கி மடித்தார்.

வாசலுக்கு வெளியே கில்பர்ட் அவளுடைய காலுறைகளையும் செருப்பையும் வைத்துக்கொண்டு நின்றான். அவளைக் கல்லறைச் சுவரில் உட்கார வைத்தான். குனிந்து காலுறையை மாட்டிவிட்டான். அவளுக்கு அவன் கைகள் படுவது தெரியவில்லை. அவை அசைவதைத்தான் பார்த்தாள்.

"படிச்சுட்டாங்க," என்றாள்.

"கேட்டேன்."

"இன்னும் ஒரு ஞாயிறுதான். அதுக்கு அடுத்த நாளே வெச்சுக்கலாம்னு குருவானவர் சொன்னார்."

"ம்."

"யாரும் தடை சொல்லலை, கில்பர்ட்."

"சொல்லலை." அவன் ஒரு செருப்பின் வாரைக் கட்டினான். இறுக்கிவிட்டுத் தளர்த்தினான். "எல்லாம் பொய்னு எனக்குத் தெரியும்."

"உனக்கு மட்டும்தான் தெரியும்."

"அதான் சொல்றேன். எனக்குத் தெரியும்."

மற்றச் செருப்பைக் கையில் எடுத்தான். மாட்டவில்லை. அதன் அடியிலிருந்த காய்ந்த சேற்றை விரலால் சுரண்டினான். கோயிலுக்குள் இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் நீதிபதி.

"நாலாவது சரணத்துல ஸ்வேலே ஒரு வார்த்தையை மாத்திச் சொன்னார்," என்றான் கில்பர்ட், நிமிராமல். "நானும் விட்டுட்டேன். மாடத்துல அந்த ஆளையே பார்த்துட்டிருந்தேன். எழுதினவன், அவன் வாயும் ஒரு இடத்துல நின்னு போச்சு." அவன் செருப்பை மடியில் வைத்தான். "நீ மட்டும் எப்படி, தாமசின், ஒரு எழுத்துகூடத் தடுமாறலை?"